நான் எட்டிப் பார்க்காத குசினி

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு என் சாதனைகளைப் பற்றி ஏதாவது சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் நல்ல மனிதர்கள். என் சாதனைகளை அவர்கள் கிட்ட நின்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். என் வீட்டு விறாந்தையில் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று தொங்குகிறது. மக்களின் உயிருக்கு ஆபத்தான கிணறு ஒன்றைத் துணிச்சலுடன் மூடியதற்காகத் தந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதை வாசித்துவிட்டு மரியாதையாகத் தலையை ஆட்டுவார்கள். அந்தக் கிணற்றில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அரியாலையில் கடனீரேரிக் கரையோரம் என் பிரிவு. மாரி தொடங்கிவிட்டால் எனக்கு டெங்குப் பேய் பிடித்துவிடும். கையில் ஒரு தடி, சட்டைப் பையில் பேனை, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வழக்குப் பத்திரங்கள். தெரு முனையில் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே சனம் தண்ணீர் தேங்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கும். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கரையில் நிமலன் என்று ஒருவன் இருந்தான். வீச்சுவலைக்காரன். வலை தண்ணீருக்குள் விரிந்து இறங்க வேண்டுமென்றால் விளிம்பு முழுக்க ஈயக் குண்டு கட்ட வேண்டும். நிமலன் தன்னுடைய வலைக்கு மட்டுமல்ல, அயலில் உள்ளவர்களுக்கும் குண்டு வார்த்துக் கொடுப்பான். பழைய வாகனப் பற்றரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகட்டை எடுத்து, பழைய இரும்புத் தாச்சி ஒன்றில் உருக்கி, அச்சில் ஊற்றுவான். வீட்டுப் பின்புறக் கோடியில், முருங்கை மரத்தடியில், மூன்று கல் வைத்த அடுப்பு. வெட்டவெளி. கடனீரேரிக் காற்று புகையை அள்ளிக்கொண்டு போய்விடும்.

நான் போனபோது முருங்கையடியில் உடைத்த பற்றரிக் கோதுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர். ஒன்றைத் தடியால் தட்டினேன். நுளம்புக் குடம்பிகள் துள்ளின.

"உதென்ன நிமலன், நுளம்புக்குத் தொட்டில் கட்டி வைச்சிருக்கிறாய்?"

"ஐயா, உது பற்றரிக் கோது. ஈயம் எடுக்கிறதுக்கு வைச்சிருக்கிறன்."

"ஈயம் எடு, இரும்பு எடு, எனக்கென்ன? ஒரு கோதும் வெளியிலை கிடக்கப்படாது. அடுத்த முறை கண்டனெண்டால் வழக்குத்தான்."

"அப்ப எங்கை ஐயா வைக்கிறது?"

"உள்ளுக்கை வை."

அவனுடைய மனைவி சுகந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தாச்சியும் அடுப்புமோ ஐயா?" என்று பயந்து பயந்து கேட்டாள்.

"எல்லாம்தான். தண்ணி தேங்கிற ஒரு சாமானும் முத்தத்திலை இருக்கப்படாது."

இரண்டு கிழமை கழித்துத் திரும்பிப் போனேன். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. கோடியில் ஒரு சிரட்டை கூட இல்லை. எனக்குப் புழுகம் தாங்கவில்லை. டெங்குப் பரிசோதனை அட்டையில் "மிக நன்று. முன்மாதிரியான வீடு" என்று என் வடிவான கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டேன். அயல் வீட்டாரைக் கூப்பிட்டு, "பாருங்கோ, இப்பிடி வைச்சிருக்க வேணும்" என்று படிப்பித்தேன். சுகந்தி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். அது எந்தக் குசினியில் போட்ட தேத்தண்ணீர் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, அபிஷா. அப்போது நாலு வயது. சரியான வாய்க்காரி. என் பேனையைக் கேட்டாள், கொடுக்கவில்லை. "அப்ப மீன் பேர் சொல்லுறன், தாங்கோ" என்று பேரம் பேசினாள். "ஓரா, ஒட்டி, திரளி, மணலை, கிளக்கன்…" மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். அவள் முடிக்கும் முன்னரே நான் பேனையைக் கொடுத்துவிட்டேன்.

தை மாதம் அளவில் அந்தப் பிள்ளை சாப்பிடாமல் தொடங்கியது. வயிற்றுக்குத்து என்று சுருண்டு படுக்கும். முகம் வெளிறிப்போயிற்று. சும்மா இருந்தபடியே சினந்து கத்தும். கிளினிக்கில் பூச்சிக் குளிசை கொடுத்தார்கள், இரும்புச்சத்துப் பாணி கொடுத்தார்கள். தாய் ஒழுங்காகச் சாப்பாடு கொடுக்கவில்லை என்று பேச்சும் கொடுத்தார்கள். என் பங்குக்கு நான், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொன்னேன். முப்பது வருடமாக எந்த வருத்தத்துக்கும் நான் சொல்லி வந்த மருந்து அது. சுகந்தி அன்று முதல் குசினி அடுப்படியை விட்டு அசையாமல் தண்ணீர் கொதிக்க வைத்தாள். பிள்ளையையும் பக்கத்திலேயே பாய் போட்டு இருத்திக்கொண்டாள்.

ஒரு பகல் அபிஷாவுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கே ஒரு கெட்டிக்கார டொக்டர், இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அளவுக்கு மிஞ்சி இருந்தது. ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. பெரியவர்களை விடப் பிள்ளைகளின் உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், அது மூளையைத்தான் பிடிக்கும், போன மூளை முழுதாகத் திரும்பாது, ஆனபடியால் கெதியாய்ச் செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்.

நான் கெதியாய்ச் செய்தேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கும் முன்னரே எனக்கு விடை தெரிந்துவிட்டது. கிணறு!

சிரிக்காதீர்கள். இந்தக் குடாநாட்டில் குடிக்க ஆறு கிடையாது. நிலத்துக்குக் கீழே இருக்கிற தண்ணீரைத்தான் நம்பி இருக்கிறோம். தலையிடி வந்தாலும் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்போம். அந்தக் கரையில் மற்றக் கிணறெல்லாம் உப்பு. ஒரேயொரு நன்னீர்க் கிணறு, எட்டு வீட்டுக்குப் பொது. அதற்கு மேற்கே ஒரு புகையிலைத் தோட்டம். தோட்டமென்றால் மருந்து அடிப்பார்கள், மருந்தென்றால் நஞ்சு, நஞ்சென்றால் ஈயம். இப்படி மூன்று பாய்ச்சலில் நான் முடிவுக்கு வந்தேன். இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருடம் சிரட்டை கவிழ்த்த மனிதனுக்கு, ஓய்வு பெறும் தறுவாயில் ஒரு பெரிய கிணறு கிடைத்தால் கை சும்மா இராது.

பலகை அடித்துக் கிணற்றை மூடினேன். சிவப்பு எழுத்தில் அறிவித்தல் தொங்கவிட்டேன். பிரதேச சபையைப் பிடித்துப் பவுசர் வண்டியில் தண்ணீர் வரவழைத்தேன். தண்ணீர் மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பினேன். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, கிணற்றுக் கட்டில் ஒரு காலைத் தூக்கி வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். வைத்தேன். சனம் தோட்டக்காரரின் வேலியைப் பிடுங்கி எறிந்தது. அந்த மனுசன் தன் தோட்டத்துக்குள் போகவே பயந்து திரிந்தார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுத்தார்கள். மூன்று கிழமையில் தேறிவிட்டாள். வீட்டில் இல்லாத பிள்ளை தேறாமல் என்ன செய்யும்? அது என் மண்டைக்குள் ஏறவில்லை. கிணற்றை மூடினேன், பிள்ளை தேறினாள், வேறென்ன சாட்சி வேண்டும்? அபிஷா வீட்டுக்கு வந்த அன்று நானே போய் நின்று, "இனிப் பயமில்லை, தண்ணி மாறிட்டுது" என்று அறிவித்தேன். சுகந்தி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒரு மாதம் ஆகவில்லை. பிள்ளை மறுபடி சத்தி எடுக்கத் தொடங்கியது.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த குடும்பநல உத்தியோகத்தர், சனம் சொல்கிறபடி மிட்வைஃப், ஒருத்தி இருந்தாள். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. வயதில் என் மகளை விட இளையவள். என் வாய்க்குப் பயந்து, நான் இருக்கும் பக்கமே வராமல் சுற்றிப் போவாள். அன்று அவளாகவே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சேர், கொழும்பு ரிப்போர்ட் வந்திட்டுதாம். கிணத்திலை ஈயம் இல்லையாம்."

"அவங்கள் பிழையாய்ப் பாத்திருப்பாங்கள். இன்னொருக்கா அனுப்புவம்."

"அந்தக் கிணத்துத் தண்ணியை எட்டு வீடு குடிச்சது சேர். மற்ற வீட்டுப் பிள்ளையளின்ரை ரத்தமும் பாத்தாச்சு. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ஏன் சேர் இந்தப் பிள்ளைக்கு மட்டும்?"

"எனக்குப் படிப்பிக்க வந்தனியோ? போய் நிறையைப் பார், ஊசியைப் போடு. உன்ரை வேலை அது!"

கந்தோரில் எல்லோரும் தங்கள் கோப்புகளுக்குள் குனிந்துகொண்டார்கள். அவள் கண் கலங்கியது, ஆனால் போகவில்லை. "நான் அந்த வீட்டுக் குசினிக்குள்ளை போனனான். நீங்கள் போயிருக்கிறியளோ சேர்?" என்று கேட்டாள்.

நான் போனதில்லை. எங்கள் இரண்டு உத்தியோகத்துக்கும் நடுவில் ஒரு கோடு உண்டு. முற்றம் எங்களுக்கு, அறையும் குசினியும் அவர்களுக்கு. அந்தக் கோட்டை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. அரியாலையில் ஒவ்வொரு கோடியும் எனக்குத் தெரியும். ஒரு குசினியும் தெரியாது.

அவளோடு போனேன். குசினி சிறியது, யன்னல் ஒன்று. சோறு வேகும் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி அந்த மூன்று கல் அடுப்பு. அதன்மேல் அந்தப் பழைய தாச்சி. விறகுக்குப் பக்கத்தில் பற்றரிக் கோதுகள், பிசகாமல் அடுக்கி. நான் சொன்னபடியே, ஒரு துளி தண்ணீர் தேங்காமல். யன்னல் விளிம்பில் விரலை வைத்தேன், சாம்பல் நிறத் தூசு ஒட்டிக்கொண்டது. மாச் சட்டியின் மூடியிலும் அதே தூசு. அடுப்படியில் அபிஷாவின் பாய். பிள்ளை ஒரு நூலில் கோத்த ஈயக் குண்டுகளை மாலையாகப் போட்டு, ஒன்றை வாய்க்குள் வைத்துச் சூப்பிக்கொண்டிருந்தது. சுகந்தி மடியில் வலையைப் போட்டு, விளிம்புக் கயிற்றில் ஈயத்தை மாட்டிப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

மிட்வைஃப் பிள்ளை அந்தக் குண்டை வாயில் இருந்து எடுத்தாள்; அபிஷா உடனே மாலையில் இன்னொன்றை எடுத்துச் சூப்பத் தொடங்கினாள்.

"உதெல்லாம் எப்பவிலை இருந்து உள்ளுக்கை இருக்குது?" என்று கேட்டாள் மிட்வைஃப் பிள்ளை.

சுகந்திக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ஐயா சொன்னாப் பிறகுதானே" என்றாள். சொல்லிவிட்டு எழும்பிப் போய், முருகன் படத்துக்குப் பின்னால் இருந்து டெங்கு அட்டையை எடுத்து வந்து காட்டினாள். "மிக நன்று. முன்மாதிரியான வீடு." திகதியும் போட்டிருந்தேன். அந்தத் திகதிக்குப் பிறகுதான் பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனது. மிட்வைஃப் பிள்ளை அட்டையை வாசித்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி நின்றாள் என்று எனக்குத் தெரியும்.

நிமலன் கடனீரேரியில் இருந்து வந்தான். விசயத்தைச் சொன்னோம். அவன் நம்பவில்லை.

"ஐயா, வலை வீசேக்கை ஈய விளிம்பைப் பல்லாலை கவ்விப் பிடிச்சுக்கொண்டுதான் வீசிறனாங்கள். என்ரை அப்புவும் அப்பிடித்தான், எண்பது வயசு மட்டும் இருந்தவர். அவருக்கு வராதது இவளுக்கு எப்பிடி வரும்?"

நானாக இருந்தால் அவனோடு சண்டை பிடித்திருப்பேன். மிட்வைஃப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "அண்ணை, உங்கடை அப்பு வளந்தாப்பிறகு கவ்வினவர், அதுவும் வெளிக்காத்திலை. இவள் வளருற பிள்ளை. புகையும் தூசும் இவள் மூச்செடுக்கிற இடத்திலையும் சாப்பிடுற கையிலையும் இருக்குது. அப்புவுக்கும் ஏதும் இருந்ததோ எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. ஒண்டு மட்டும் யோசியுங்கோ. ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை இவள் சுகமாய்த்தானே இருந்தவள்?"

நிமலன் பிள்ளையைப் பார்த்தான். பிறகு போய் அதன் வாய்க்குள் விரலை விட்டு அந்தக் குண்டை எடுத்தான்.

அன்று பின்னேரமே பிள்ளையை ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்த்தோம். அங்கிருந்து தொண்டைமானாற்றில் சுகந்தியின் தமக்கை வீட்டுக்குப் போகட்டும், குசினி துப்பரவாகும் வரைக்கும் இங்கே வரக்கூடாது என்று முடிவெடுத்தோம். குசினி மண்ணைக் கிண்டி அகற்றினோம். தூசு பறக்கக்கூடாது என்று தும்புத்தடியைத் தொடாமல் சுவரை ஈரத்துணியால் துடைத்தோம். நிமலன் பற்றரி உடைப்பதை விட்டான். இப்போது குண்டைக் கடையில் வாங்கி, குறட்டால் நெரித்து இறுக்குகிறான்.

இதெல்லாம் இலகுவான பகுதி. கிணற்றைத் திறப்பதுதான் பெரும் ஆய்க்கினையாகப் போயிற்று. மூடுவதற்கு எனக்கு ஒரு மணித்தியாலம் போதுமாக இருந்தது. திறந்து வைத்து, நானே ஒரு வாளி அள்ளி, சனத்துக்கு முன்னால் மடக்கு மடக்கென்று குடித்துக் காட்டினேன். ஒருவரும் அசையவில்லை. "ஐயாவைத் தோட்டக்காரர் மடக்கிப்போட்டார்" என்று கதை பரவியது. பவுசரை நிற்பாட்டக்கூடாது என்று மனுக் கொடுத்தார்கள். கிணற்றைத் திறந்ததைப் படம் எடுக்கப் பத்திரிகைக்காரர் வரவில்லை. தோட்டக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "வேலியை எப்ப ஐயா கட்டித் தாறியள்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு சனிக்கிழமை அவரோடு நின்று கிடுகு கட்டினேன்.

பிறகு அறிக்கை எழுத வேண்டி வந்தது. எழுதுவதில் நான் சூரன். "வீட்டாரின் அறியாமை காரணமாக ஈயம் உருக்கும் உபகரணங்கள் சமையலறையினுள் வைக்கப்பட்டிருந்தன" என்று எழுதி, மிட்வைஃப் பிள்ளையிடம் ஒப்பத்துக்கு நீட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"ஆரின்ரை அறியாமை சேர்?"

குரலை உயர்த்திக்கூடக் கேட்கவில்லை. நான் கடதாசியைத் திரும்ப வாங்கி, "எனது அறிவுறுத்தலின் பேரில்" என்று மாற்றி எழுதினேன். அவ்வளவு எழுதுவதற்கு எனக்கு ஒரு முழுப் பின்னேரம் எடுத்தது. மேலே அனுப்பினேன். தண்டனை வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். வந்தது பாராட்டுப் பத்திரம். கிணற்றை மூடிய கையோடு என் பெயரைப் பட்டியலில் சேர்த்து அனுப்பியிருந்தார்களாம். இனி மாற்ற ஏலாதாம். விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். மிட்வைஃப் பிள்ளை மூன்றாம் வரிசையில் இருந்து கை தட்டினாள், பாவம், நல்ல பிள்ளை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு சாமானை அகற்றச் சொன்னால் அது எங்கே போகும் என்று அந்த இடத்திலேயே நின்று கேளுங்கள். போகும் இடத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரு நுளம்பைத் துரத்துகிற எடுப்பில் நான் ஒரு பிள்ளையை ஈயத்திடம் பிடித்துக் கொடுத்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முதல் கிழமை நிமலன் வீட்டுக்குப் போனேன். அந்த அட்டையைத் திரும்ப வாங்க வேண்டும் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே வடிவாகச் சொல்லத் தெரியாது. என் கையெழுத்து அந்தச் சுவரில் இருப்பது பிடிக்கவில்லை. அபிஷா பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தாள். வலிப்பு இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். "எழுத்துத்தான் நிக்குதில்லை ஐயா. இண்டைக்குச் சொல்லிக் குடுத்தால் நாளைக்கு மறந்துபோகுது" என்றாள் சுகந்தி. அது ஈயத்தாலா, இல்லையா என்று டொக்டராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

நான் பிள்ளையைக் கூப்பிட்டு, பேனையை எடுத்து நீட்டி, "மீன் பேர் சொல்லு பாப்பம்" என்றேன்.

"ஓரா," என்றாள். "ஒட்டி…" என்றாள். பிறகு நின்றுவிட்டாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். நான் பேனையை அவள் கைக்குள் வைத்தேன்.

அட்டையைக் கேட்டேன். சுகந்தி திடுக்கிட்டுப் போனாள். "ஐயோ, அதைத் தரமாட்டன் ஐயா. எங்கடை வீட்டைப் பற்றி அரசாங்கம் நல்லதாய் எழுதித் தந்தது அது ஒண்டுதான்."

இனி ஒளிக்க ஏலாது என்று நினைத்தேன். "சுகந்தி, உதுகளை உள்ளுக்கை வைக்கச் சொன்னது நான்தான். பிழை என்ரை" என்றேன்.

"தெரியும் ஐயா," என்றாள் அவள். அவளுடைய குரலில் கோபமே இருக்கவில்லை. "இவர் அண்டைக்கு மாட்டன் எண்டுதான் நிண்டவர், குசினிக்குள்ளை புகையும் எண்டு. நான்தான் சண்டை பிடிச்சு வைப்பிச்சனான். ஐயா சொன்னால் பிள்ளையின்ரை நன்மைக்குத்தான் சொல்லுவர் எண்டு."